ஒரு மாடு, 4 கருவிகள்... அமெரிக்காவையே குழப்பிய கார்ட்டூன்! 'தி ஃபார் சைட்' புத்தகங்கள் இன்றும் கொண்டாடப்படுவது ஏன்?

1982ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவில் காலை நாளிதழைப் பிரித்த பலர் ஒரு கார்ட்டூனைப் பார்த்துக் குழம்பிப் போனார்கள்.

படத்தில் ஒரு மாடு இரண்டு கால்களில் நிற்கிறது. அதன் முன்னால் ஒரு மேசை. மேசை மேல் எதற்கு என்றே தெரியாத 4 பொருட்கள். ஒன்று மட்டும் பார்க்க ரம்பம் மாதிரி இருக்கிறது. படத்துக்குக் கீழே 'மாட்டின் கருவிகள்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. அவ்வளவுதான்.

இதில் எங்கே சிரிக்க வேண்டும்? யாருக்கும் புரியவில்லை. வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். பத்திரிகையாளர்களும் வானொலி நிலையங்களும் போன் செய்து விளக்கம் கேட்டார்கள். கடைசியில் அந்தக் கார்ட்டூனை வரைந்தவரே, "நான் சொல்ல வந்தது இதுதான்" என்று ஓர் அறிக்கை வெளியிட வேண்டியதாகிவிட்டது. ஒரு ஜோக்குக்கு விளக்க அறிக்கை!

வரைந்தவர் பெயர் கேரி லார்சன். தொடரின் பெயர் 'தி ஃபார் சைட்'. இதோடு தன் வேலை போய்விடும் என்று அவர் பயந்தார். நடந்தது வேறு. அந்தத் தொடர் 1,900-க்கும் அதிகமான நாளிதழ்களுக்குப் போனது. அதன் தொகுப்புப் புத்தகங்கள் 4 கோடிக்கும் மேல் விற்றன. 17 மொழிகளுக்குச் சென்றன.

காலையில் பார்த்துவிட்டு மாலையில் பழைய பேப்பர் கட்டில் போட்டுவிடும் ஒரு கட்டக் கார்ட்டூனை, மக்கள் காசு கொடுத்துப் புத்தகமாக வாங்கியது ஏன்? அப்படி என்னதான் இருக்கு இதுல? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த கேரி லார்சன்?

1950ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள டகோமா நகரில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே பாம்பு, தவளை, பூச்சி என்று சுற்றியவர். கல்லூரியில் படித்தது தகவல் தொடர்பியல். படிப்பு முடிந்ததும் இசைக்கருவிகள் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தார்.

அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து 6 கார்ட்டூன்களை வரைந்தார். உள்ளூர் அறிவியல் இதழ் ஒன்றுக்குக் கொண்டுபோனார். அவர்கள் 90 டாலர் கொடுத்து ஆறையும் வாங்கிக்கொண்டார்கள். 'அட, இதுக்குக் காசு தராங்களே!' என்று தோன்றியது அப்போதுதான்.

1979இல் 'சியாட்டில் டைம்ஸ்' நாளிதழில் 'நேச்சர்ஸ் வே' என்ற பெயரில் வாரம் ஒரு கார்ட்டூன் வரையத் தொடங்கினார். இடையில் விலங்குகளை வதைப்பது பற்றிய புகார்களை விசாரிக்கும் வேலையும் பார்த்தார். கார்ட்டூன் அச்சான இடம்தான் சிக்கலாகிவிட்டது. குழந்தைகளுக்கான புதிர்ப் பகுதிக்குப் பக்கத்தில் அதைப் போட்டார்கள். புதிர் போட வந்த பிள்ளைகள் கண்ணில், மனிதர்களை விழுங்கக் காத்திருக்கும் விலங்குகள் பட்டால் பெற்றோர் சும்மா இருப்பார்களா? புகார்கள் வந்தன.

அதே ஆண்டு லார்சன் தன் படங்களை எடுத்துக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கார் ஓட்டிச் சென்றார். 'சான் ஃபிரான்சிஸ்கோ க்ரானிக்கிள்' நாளிதழ் அவற்றை ஏற்றுக்கொண்டது. 'தி ஃபார் சைட்' என்ற பெயரை வைத்ததும் அவர்கள்தான். ஊர் திரும்பிய கொஞ்ச நாளிலேயே சியாட்டில் நாளிதழ் அவருடைய பழைய தொடரை நிறுத்திவிட்டது. இந்த வரிசை மாறி, நிறுத்திய செய்தி முதலில் வந்திருந்தால், அவர் அந்தப் பயணத்துக்குக் கிளம்பியிருப்பாரா என்பதே சந்தேகம்.

1980 புத்தாண்டை ஒட்டி 'தி ஃபார் சைட்' தொடங்கியது.

ஒரே கட்டம்... அதில் என்ன பெரிய கஷ்டம்?

நாளிதழ்களில் வரும் சித்திரத் தொடர்கள் பெரும்பாலும் 3 அல்லது 4 கட்டங்கள் கொண்டவை. முதல் கட்டத்தில் சூழ்நிலை, நடுவில் பேச்சு, கடைசிக் கட்டத்தில் சிரிப்பு. அதோடு தினமும் அதே கதாபாத்திரங்கள் வருவார்கள். வாசகருக்கு அவர்களை ஏற்கெனவே தெரியும் என்பதால் பாதி வேலை முடிந்த மாதிரி.

லார்சனுக்கு இந்த வசதி எதுவும் இல்லை. ஒரே ஒரு கட்டம். கீழே ஒரு வரி. நேற்று வந்த ஆள் இன்று வரமாட்டார். ஒவ்வொரு நாளும் ஒரு புது உலகத்தை உருவாக்கி, அதே கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும்.

இதற்கு அவர் கண்டுபிடித்த வழி, ஒரு சம்பவத்தின் சரியான ஒரு நொடியைப் பிடிப்பது. பல படங்களில் விபரீதம் இன்னும் நடந்திருக்காது. அடுத்த நொடி நடக்கப் போகிறது என்பது நமக்குத் தெரியும், படத்தில் இருப்பவருக்குத் தெரியாது. இன்னும் சில படங்களில் எல்லாம் முடிந்திருக்கும். என்ன நடந்திருக்கும் என்று நாம்தான் பின்னோக்கி யோசிக்க வேண்டும். விடுபட்ட பாதிக் கதையை வாசகர் தன் தலைக்குள் முடித்துக்கொள்கிறார். சிரிப்பு வருவது அந்த இடத்தில்தான்.

அவர் படங்களில் சில வகை ஆட்கள் மட்டும் திரும்பத் திரும்ப வருவார்கள்:

• கொண்டையைத் தூக்கிக் கட்டிய, கண்ணாடி போட்ட குண்டுப் பெண்கள்
• கண்ணாடி போட்ட, உருண்டையான சிறுவர்கள்
• வெள்ளைக் கோட்டு விஞ்ஞானிகள்
• குகை மனிதர்கள்
• மாடு, பாம்பு, கரடி, கோழி, பூச்சிகள்

பேர் கிடையாது, பின்கதை கிடையாது. மனிதர்கள் அசட்டுத்தனமாக நடந்துகொள்வார்கள். விலங்குகள் நம்மைப் போலவே சோபாவில் உட்கார்ந்து சலித்துக்கொள்ளும். நாம் விலங்குகளைப் பார்ப்பது போல, விலங்குகள் நம்மைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதுதான் இந்தத் தொடரில் மறுபடி மறுபடி வரும் கேள்வி.

விசித்திரக் கார்ட்டூன்களை முதலில் வரைந்தவர் இவரா?

இல்லை. லார்சனுக்கு முன்பே சார்லஸ் ஆடம்ஸ், கஹன் வில்சன் போன்றவர்கள் திகிலும் நகைச்சுவையும் கலந்த ஒற்றைக் கட்டப் படங்களை வரைந்து புகழ் பெற்றிருந்தார்கள். 1975இல் வெளிவந்த பி. கிளிபனின் பூனைப் படப் புத்தகம் அமெரிக்காவில் பெரிய வெற்றி பெற்றது.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. முன்னவர்களின் படங்கள் வந்தது பெரும்பாலும் வார, மாத இதழ்களிலும் புத்தகங்களிலும்தான். அவற்றைத் தேடி வாங்குபவருக்கு, தான் எதை வாங்குகிறோம் என்பது தெரியும். நாளிதழ் அப்படியில்லை. அது வீட்டு வாசலில் வந்து விழும். தாத்தாவும் படிப்பார், பேத்தியும் படிப்பாள். அந்தப் பக்கத்தில் இருக்கும் சித்திரங்கள் யாருடைய மனதையும் புண்படுத்தக் கூடாது என்பது எழுதப்படாத விதி.

அந்தப் பக்கத்துக்குள் மனிதர்களை விழுங்கும் முதலையையும், இரண்டு கால்களில் நிற்கும் மாட்டையும் லார்சன் கொண்டுவந்து விட்டார். எதிர்ப்பும் ரசிகர்களும் ஒன்றாகக் கிளம்பியதற்குக் காரணம் இதுதான்.

'மாட்டின் கருவிகள்' - உண்மையில் அர்த்தம் என்ன?

சரி, மாட்டுக்கு வருவோம். கருவி செய்யத் தெரிந்ததுதான் மனிதனை மற்ற விலங்குகளிடமிருந்து பிரிக்கிறது என்று ஒரு காலத்தில் விஞ்ஞானிகள் நம்பினார்கள். பிறகு சிம்பன்சி போன்ற விலங்குகளும் கருவிகளைப் பயன்படுத்துவது தெரியவந்தது.

லார்சன் இதை யோசித்தார். மாடும் கருவி செய்தால் எப்படி இருக்கும்? கண்டிப்பாக ரொம்ப மட்டமாகத்தான் இருக்கும். எதற்கும் உதவாத, அரைகுறை கருவிகள். ஜோக் அவ்வளவுதான். அந்தப் பொருட்களுக்கு அர்த்தமே இல்லை என்பதுதான் அர்த்தம்.

பிழை எங்கே நடந்தது? ஒரு பொருள் ரம்பம் மாதிரி அமைந்துவிட்டது. 'ஒண்ணு ரம்பம்னா, மத்த மூணும் என்ன?' என்று வாசகர்கள் விடுகதையை அவிழ்ப்பது போல் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஒன்றைக்கூட அடையாளம் காணும்படி வரைந்திருக்கக் கூடாது என்பதை லார்சன் பின்னர் ஒப்புக்கொண்டார்.

ஆனா இதுல ஒரு நல்லதும் நடந்தது. புரியாத ஒரு படத்துக்காக இத்தனை பேர் மெனக்கெட்டுக் கடிதம் எழுதினார்கள் என்றால், இத்தனை பேர் தினமும் அந்தக் கட்டத்தைத் தேடிப் படிக்கிறார்கள் என்று அர்த்தம். நிறுத்தச் சொல்ல அல்ல, புரிந்துகொள்ளத்தான் பலரும் எழுதியிருந்தார்கள்.

நாளிதழில் வந்ததை ஏன் புத்தகமாக வாங்கினார்கள்?

'தி ஃபார் சைட்' என்ற பெயரிலேயே முதல் தொகுப்பு 1982இல் வெளிவந்தது. அடுத்து 'பியாண்ட் தி ஃபார் சைட்', 'இன் சர்ச் ஆஃப் தி ஃபார் சைட்', 'பிரைட் ஆஃப் தி ஃபார் சைட்', 'வேலி ஆஃப் தி ஃபார் சைட்' என்று வரிசையாக வந்தன. பழைய பேய்ப் படங்களின் தலைப்புகளைக் கிண்டல் செய்வது போலவே பல புத்தகங்களுக்குப் பெயர் வைத்தார்கள். சிறிய தொகுப்புகளைச் சேர்த்து 'தி ஃபார் சைட் கேலரி' என்ற பெரிய தொகுப்புகள் 5 வந்தன. மொத்தம் 23 புத்தகங்கள்.

'கேலரி' வரிசைக்கு முன்னுரை எழுதியவர்களைப் பார்த்தாலே இந்தத் தொடர் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்பது புரியும். இரண்டாவது தொகுப்புக்கு எழுதியவர் திகில் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங். மூன்றாவதுக்கு பரிணாம அறிவியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட். நான்காவதுக்கு நடிகர் ராபின் வில்லியம்ஸ்.

புத்தகமாக வந்தது இந்தக் கார்ட்டூன்களுக்கு மூன்று வகையில் உதவியது.

முதலாவது, இடம். நாளிதழில் இது குடும்பக் கதைத் தொடர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு விசித்திரம். புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் அதே விசித்திர உலகம்தான். நாலு பக்கம் புரட்டுவதற்குள் அந்த உலகத்தின் சட்டதிட்டம் வாசகருக்குப் பிடிபட்டுவிடும்.

இரண்டாவது, நேரம். நாளிதழில் புரியாத ஜோக் அன்றோடு போச்சு. புத்தகத்தில் திரும்பிப் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிக் கேட்கலாம். பத்து நாள் கழித்து சட்டென்று புரிந்து தனியாகச் சிரிக்கலாம்.

மூன்றாவது, விருப்பம். நாளிதழ் எல்லோருக்கும் பொது. பிடிக்காதவரும் பார்க்க நேரும். புத்தகம் பிடித்தவர் கைக்கு மட்டும்தான் போகும். புகார் சொல்பவர்கள் கழன்றுகொள்ள, ரசிகர்கள் மட்டும் ஒன்று சேர்ந்தார்கள்.

தப்புகளையும் புத்தகத்தில் போட்ட கார்ட்டூனிஸ்ட்!

1989இல் வெளிவந்த 'தி ப்ரீஹிஸ்டரி ஆஃப் தி ஃபார் சைட்' மற்றவற்றிலிருந்து மாறுபட்ட புத்தகம். 10 ஆண்டு நிறைவை ஒட்டி வந்தது. சின்ன வயது நினைவுகள், நோட்டுப் புத்தகக் கிறுக்கல்கள், வேலைக்கு ஆகாத படங்கள், வாசகர்களின் கோபக் கடிதங்கள் என்று எல்லாவற்றையும் அதில் கொட்டிவிட்டார் லார்சன். மாட்டின் கருவிகள் பற்றிய முழுக் கதையும் அதில் இருக்கிறது.

அதில் வரும் ஒரு கொசுக் கதை சுவாரசியமானது. நாள் முழுக்க மலேரியாவைப் பரப்பிக் களைத்துப் போன ஆண் கொசு, வேலை முடிந்து வீடு திரும்பி மனைவியிடம் அலுத்துக்கொள்வது போல ஒரு படம். உடனே கடிதங்கள் வந்தன. "ஆண் கொசு கடிக்காது, பெண் கொசுதான் கடிக்கும்!" என்று பலரும் திருத்தினார்கள். கொசு சட்டை போட்டிருக்கிறது, வீடு வைத்திருக்கிறது, பேசுகிறது... அதையெல்லாம் யாரும் தப்பென்று சொல்லவில்லையே என்று லார்சன் சிரித்துக்கொண்டார்.

இன்னொரு சம்பவம் 1981இல் நடந்தது. ஒஹையோ மாநில நாளிதழ் ஒன்றில் 'தி ஃபார் சைட்' படத்துக்கும், பக்கத்தில் வரும் 'டென்னிஸ் தி மெனஸ்' படத்துக்கும் வசனம் இடம் மாறி அச்சாகிவிட்டது. விளைவு, சாப்பாட்டு மேசையில் இருக்கும் பாம்புக் குட்டி, தனக்கு சாண்ட்விச் செய்யத் தெரிந்ததால்தான் பிழைத்தோம் என்கிறது. சுட்டிப் பையன் டென்னிஸோ, இன்றைக்கும் வெள்ளெலிதானா சாப்பாடு என்று அலுத்துக்கொள்கிறான். மாறிப் போனதில் இரண்டு ஜோக்குமே இன்னும் நன்றாக ஆகிவிட்டன என்பது லார்சனின் கருத்து.

எல்லாப் புகாரும் வேடிக்கையாகக் கடந்து போகவில்லை. கம்பத்தில் கயிறு கட்டி, அதில் பந்துக்குப் பதில் பூனையைத் தொங்கவிட்டு, நாய்கள் விளையாடுவது போன்ற படத்துக்குக் கடும் எதிர்ப்பு வந்தது. அசையும் கார்ட்டூன் படங்களில் பூனை அடி வாங்கினாலும் அடுத்த காட்சியில் எழுந்து ஓடிவிடும். ஒற்றைக் கட்டத்தில் அப்படி இல்லை. பேப்பரை மூடிவிட்டுப் போய், திரும்பி வந்து பார்த்தாலும் பூனை கம்பத்தில்தான் இருக்கும். அந்த வடிவத்தின் பலமும் பலவீனமும் இதுதான் என்பதை லார்சனே எடுத்துச் சொன்னார். புகாரைத் தள்ளிவிடாமல், அது ஏன் வந்தது என்று யோசித்த கார்ட்டூனிஸ்ட் அவர்.

ஜேன் குடால் விவகாரம்: வக்கீல் கடிதத்தில் தொடங்கி முன்னுரையில் முடிந்த கதை

1987இல் இன்னொரு சர்ச்சை. ஒரு பெண் சிம்பன்சி தன் இணையின் முடியைக் கோதும்போது பொன்னிற மனித முடி ஒன்றைக் கண்டெடுக்கிறது. 'மறுபடியும் அந்த ஜேன் குடால்கூட ஆராய்ச்சியா?' என்கிற தொனியில் சந்தேகத்தோடு கேட்கிறது. குடாலைத் தாக்கும் ஒரு வசைச் சொல்லும் அந்த வசனத்தில் இருந்தது.

ஜேன் குடால், தான்சானியாவின் கோம்பே காட்டில் சிம்பன்சிகளோடு பல ஆண்டுகள் வாழ்ந்து ஆராய்ந்த உலகப் புகழ்பெற்ற அறிவியலாளர். சிம்பன்சிகள் கருவி செய்வதைக் கண்டறிந்து, 'கருவி செய்பவன் மனிதன் மட்டுமே' என்ற எண்ணத்தை உடைத்தவரும் இவர்தான். ஆக, மாட்டின் கருவிகளுக்கும் குடாலுக்கும்கூட ஒரு வகையில் தொடர்பு இருக்கு!

அவர் பெயரில் இயங்கும் நிறுவனம் கொதித்துப்போய் வக்கீல் மூலம் கடிதம் அனுப்பியது. அப்போது குடால் ஆப்பிரிக்காவில் இருந்தார். விஷயம் காதுக்கு வந்ததும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். 'தி ஃபார் சைட்' கார்ட்டூனில் இடம்பெறுவதையே பெருமையாக எடுத்துக்கொண்டார்.

அந்தக் கார்ட்டூன் அச்சிட்ட டி-ஷர்ட் விற்பனைப் பணம் குடால் நிறுவனத்துக்கே போனது. 1988இல் லார்சன் கோம்பேவுக்கு நேரில் சென்றார். அங்கே ஃப்ரோடோ என்ற முரட்டு சிம்பன்சி அவரைத் தாக்கியதில் சிராய்ப்புகளோடு திரும்பினார். 1995இல் வெளிவந்த 'தி ஃபார் சைட் கேலரி 5' புத்தகத்துக்கு முன்னுரை எழுதியது வேறு யாருமல்ல, ஜேன் குடால்தான்.

விஞ்ஞானிகள் ஏன் இவரைக் கொண்டாடுகிறார்கள்?

அந்தக் காலத்தில் ஆய்வகக் கதவுகளிலும் பேராசிரியர்களின் அறைகளிலும் 'தி ஃபார் சைட்' ஒட்டியிருப்பது சாதாரணக் காட்சி. விஞ்ஞானிகளைக் கிண்டல் செய்தார், ஆனால் விஷயம் தெரிந்து கிண்டல் செய்தார். 1980களில் கலிபோர்னியா அறிவியல் அகாடமி அவரது படங்களைக் கண்காட்சியாகவே வைத்தது. பிறகு அது வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் போனது.

1982இல் வந்த ஒரு கார்ட்டூன் அறிவியல் அகராதிக்கே ஒரு சொல்லைக் கொடுத்தது. ஸ்டெகோசாரஸ் என்ற டைனோசரின் வால் நுனியில் கூரிய முட்கள் உண்டு. குகை மனிதர்களின் வகுப்பறையில் ஆசிரியர், அதன் அடியால் செத்துப்போன 'தாக்' என்பவரின் நினைவாக அந்த முட்களுக்கு 'தாகோமைசர்' என்று பெயர் சொல்கிறார். நிஜத்தில் அந்த வால் முட்களுக்கு அதுவரை தனிப் பெயர் கிடையாது. 1993இல் கென் கார்பென்டர் என்ற தொல்லுயிரியலாளர் ஆய்வாளர்கள் கூட்டத்தில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். இன்று அது அருங்காட்சியகங்களிலும் புத்தகங்களிலும் புழங்குகிறது.

டைனோசர்களும் மனிதர்களும் ஒரே காலத்தில் வாழ்ந்ததில்லை. இடைவெளி 6 கோடி ஆண்டுகளுக்கும் மேல். இது லார்சனுக்கும் நன்றாகவே தெரியும். இரண்டையும் ஒரே படத்தில் வரைந்த பாவத்துக்குக் கார்ட்டூனிஸ்டுகள் பாவமன்னிப்புக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்று அவரே கிண்டலாகச் சொன்னதுண்டு.

1989இல் ஆந்தைகளின் மேல் வாழும் ஒரு பேன் இனத்துக்கு 'ஸ்ட்ரிஜிஃபிலஸ் கேரிலார்சோனி' என்று பெயர் வைத்தார்கள். பேனுக்குப் பேர் வைத்தால் சிலர் கோபப்படலாம். லார்சனோ அதைப் பெரிய கௌரவமாக எடுத்துக்கொண்டார்.

உச்சத்தில் இருந்தபோது நிறுத்தியது ஏன்?

தினமும் ஒரு புது யோசனை. வருடம் முழுக்க. பழைய கதாபாத்திரத்தை வைத்து ஒப்பேற்றவும் முடியாது. இது எவ்வளவு பெரிய சுமை என்பது வெளியில் தெரியவில்லை. 1988 அக்டோபரில் லார்சன் 14 மாத விடுப்பு எடுத்தார். திரும்பி வந்தபின் வாரத்துக்கு 5 படங்கள் என்று குறைத்துக்கொண்டார்.

கார்ட்டூனிஸ்டுகளின் உயரிய விருதான ரூபன் விருது அவருக்கு 1990, 1994 என இரண்டு முறை கிடைத்தது. அதே 1994இல்தான் நிறுத்தப் போவதாக அறிவித்தார். களைப்பு ஒரு காரணம். சுமாரான கார்ட்டூன்கள் போய்ச் சேரும் குப்பைமேட்டில் தன் படங்களும் விழுந்துவிடக் கூடாது என்ற பயம் இன்னொரு காரணம்.

1995 ஜனவரி 1. 15 ஆண்டுகள் கழித்து 'தி ஃபார் சைட்' நின்றது. அப்போது லார்சனுக்கு வயது 44. அதே ஆண்டு கடைசி நாளில் பில் வாட்டர்சன் தன் புகழ்பெற்ற 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' தொடரை நிறுத்தினார். அமெரிக்க நாளிதழ்களின் சித்திரப் பக்கம் ஒரே ஆண்டில் இரண்டு பெரிய பெயர்களை இழந்தது.

9 கிலோ எடையில் ஒரு ஜோக் புத்தகம்!

2003இல் 'தி கம்ப்ளீட் ஃபார் சைட்' வெளிவந்தது. கனமான அட்டை, உறைப் பெட்டி, இரண்டு பெரிய தொகுதிகள். 4,000-க்கும் அதிகமான கார்ட்டூன்கள். அவற்றில் 1,100-க்கும் மேற்பட்டவை அதற்கு முன் எந்தப் புத்தகத்திலும் வராதவை. முன்னுரை எழுதியவர் நடிகர் ஸ்டீவ் மார்ட்டின். எடை சுமார் 9 கிலோ. விலை 135 டாலர். மடியில் வைத்துப் படிக்கவே தெம்பு வேண்டும்.

நாளிதழில் வெறும் சில அங்குல இடத்தில், ஒரு நாள் ஆயுளோடு வந்த படங்களுக்கு, ஓவியப் புத்தகங்களுக்குக் கிடைக்கும் மரியாதை கிடைத்தது. ஆண்டு வாரியாக அடுக்கப்பட்டிருப்பதால், ஆரம்பத்தில் தடுமாறிய கோடுகள் எப்படி உறுதியானது என்பதையும் பார்க்க முடிகிறது. இடையிடையே வாசகர்களின் புகார்க் கடிதங்களையும் சேர்த்திருப்பதுதான் இதன் தனிச்சிறப்பு.

இணையத்தை எதிர்த்தவர், இணையத்துக்கே வந்த கதை

இணையம் பரவியபோது ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த 'ஃபார் சைட்' படங்களை ஸ்கேன் செய்து பகிரத் தொடங்கினார்கள். லார்சன் ஒரு கடிதம் எழுதினார். மிரட்டல் இல்லை, கெஞ்சல் மாதிரி ஒரு வேண்டுகோள். இந்தப் படங்கள் தன் பிள்ளைகள் மாதிரி, ராத்திரி நேரத்தில் அவை எங்கே சுற்றுகின்றன என்று தெரியாமல் இருப்பது தனக்கு வேதனையாக இருக்கிறது என்பது அதன் சாரம். பலர் மதித்து நீக்கினார்கள்.

இதனால் ஒரு விநோதம் நடந்தது. உலகமே படங்களை இணையத்தில் பகிர்ந்துகொண்டிருந்த காலத்தில், 'தி ஃபார் சைட்' படங்களை முறையாகப் பார்க்க வேண்டுமென்றால் புத்தகம்தான் வழி. பழைய புத்தகக் கடைகளிலும் அப்பா, அம்மாவின் அலமாரிகளிலும் இருந்த தொகுப்புகள் மூலமாகத்தான் அடுத்த தலைமுறை இவரைக் கண்டுபிடித்தது.

2019 டிசம்பரில் லார்சன் மனம் மாறினார். அதிகாரப்பூர்வ இணையதளம் தொடங்கப்பட்டது. 2020 ஜூலையில் இன்னொரு ஆச்சரியம். 25 ஆண்டுகள் கழித்துப் புதிய படங்கள் வந்தன. மை காய்ந்து அடைத்துக்கொள்ளும் பேனாவோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், டிஜிட்டல் டேப்லெட்டில் வரைந்து பார்த்ததும், பழைய ஆசை திரும்பிவிட்டதாம். தினமும் வரைய வேண்டிய கட்டாயம் இல்லை, தோன்றும்போது மட்டும் வரைவது என்ற முடிவோடு வந்தார்.

மாட்டின் கருவிகள் என்ன ஆச்சு? 1982இல் யாருக்கும் புரியாத அந்தப் படம்தான் இன்று இணையத்தில் மீம்களாகச் சுற்றி வருகிறது. எதற்கென்றே தெரியாத ஒரு பொருளைப் பார்த்தால் 'மாட்டின் கருவி' என்று சொல்லிச் சிரிக்கிறது புதிய தலைமுறை.

எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

• முதல்முறை படிப்பவர்கள்: 'தி ஃபார் சைட் கேலரி' வரிசையில் ஏதாவது ஒன்று. நிறைய படங்கள், தூக்கவும் எளிது.
• ஜோக் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள்: 'தி ப்ரீஹிஸ்டரி ஆஃப் தி ஃபார் சைட்'. வரைபவர்களும் எழுதுபவர்களும் அவசியம் பார்க்க வேண்டியது.
• முழுசாக வேண்டும் என்பவர்கள்: 'தி கம்ப்ளீட் ஃபார் சைட்'. 2014இல் இதன் மெல்லிய அட்டைப் பதிப்பு 3 தொகுதிகளாக வந்தது.

படிக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பத்துக்கு இரண்டு படம் புரியாமல் போகலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, 1982இல் அமெரிக்காவுக்கே அதே நிலைமைதான். பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போகலாம். புத்தகம் எங்கேயும் போகாது. அந்த மாடும் அதே மேசைக்குப் பின்னால், அதே 4 கருவிகளோடு, நமக்குப் புரியும் வரை காத்துக்கொண்டு நிற்கும்.